அறிகுறியே இல்லைன்னு எழுதாதீங்க சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல வந்த போஸ்ட்மார்ட்டம் கட்டுரைல "எந்த அறிகுறியும் காட்டாமல் குழந்தையின் மூளையில் ஒளிந்திருந்த கட்டி"ன்னு ஒரு வரி, அதைத் தாண்டி என்னால படிக்க முடியல. என் தங்கச்சி பையனுக்கும் போஸ்ட்மார்ட்டத்துலதான் கட்டி இருந்ததே தெரிஞ்சுது, ஏழு வயசு. ஆனா அறிகுறி இல்லாம இல்ல சார், அவ ஒன்னு விடாம சொன்னா, காது குடுத்துக் கேக்கத்தான் ஆள் இல்ல.

காலைல எந்திரிச்ச உடனே தலைவலி, ஒரு வாந்தி, எடுத்ததும் தெளிஞ்சு விளையாட ஓடிடுவான். படுத்தே கிடந்தா தலைக்குள்ள அழுத்தம் ஏறும், அதான் காலைல அதிகம்னு இன்னைக்கு எனக்குத் தெரியுது. அன்னைக்கு ஒருத்தர் கேஸ்னாரு, ஒருத்தர் பூச்சி மருந்து குடுத்தாரு, ஸ்கூலுக்குப் போகாம இருக்க நடிக்கிறான்னு டீச்சர் சொன்னாங்க. அப்புறம் தலைய ஒரு பக்கமா சாய்ச்சே பாக்க ஆரம்பிச்சான், பவர் பாத்து கண்ணாடி மாட்டி விட்டாங்க. கண்ணுக்குள்ள லைட் அடிச்சு, தலைக்குள்ள ஏறுன அழுத்தத்துல கண் நரம்பு வீங்கியிருக்கான்னு பாக்க எவ்வளவு நேரம் ஆகும்? வாந்தி எடுத்த நாளுக்கெல்லாம் தங்கச்சி காலண்டர்ல பேனாவால புள்ளி வச்சிருந்தா, அந்த ரெண்டு மாசத் தாளையும் கிழிச்சு மடிச்சு எடுத்துட்டுப் போனா, டாக்டர் கைல வாங்கக்கூட இல்ல.

ரிப்போர்ட்ல சிறுமூளைல மெடுல்லோபிளாஸ்டோமாங்கிற புற்றுக்கட்டி, மூளைத் தண்ணி வடியுற வழிய அடைச்சிருந்துச்சுன்னு இருந்துச்சு. அதுக்கப்புறம் சொந்தக்காரங்க அவகிட்டயே கேட்டாங்க, பெத்தவ நீ கவனிக்கலையான்னு. மூளைக்குள்ள வர்ற கொலாய்டு சிஸ்ட்ங்கிற நீர்க்கட்டி மாதிரி சிலது கடைசி வரைக்கும் வெளிய தெரியாமலே இருந்துடலாம், மறுக்கல. அதுக்காக எல்லாத்தையும் அந்தக் கணக்குல சேத்துடுறதா?

உங்க குழந்தைகள் நலச் சிறப்பிதழ்லயே தலைவலிக்கு செல்போனும் தாய்மார்களோட அலட்சியமும்தான் காரணம்னு முழுப்பக்கம் போட்டீங்க. ரெண்டு கடிதம் எழுதினேன், ஒரு வரி பதில் வரல. இத்தனை வருஷ வாசகன், அதுக்குக்கூட நான் தகுதி இல்லையான்னு மனசு வலிச்சுது.

குழந்தைங்களோட மூளைக்கட்டிய சீக்கிரம் கண்டுபிடிக்கணும்னு பிரிட்டன்ல 2011ல ஆரம்பிச்ச ஹெட்ஸ்மார்ட் பிரச்சாரம் உங்களுக்குத் தெரியாததில்ல. அறிகுறிகள சின்ன அட்டைல அச்சடிச்சு பெத்தவங்ககிட்டயும் டாக்டர்ங்ககிட்டயும் கொண்டு போனாங்க, குழந்தைங்களுக்குக் கட்டியக் கண்டுபிடிக்க 14 வாரத்துக்கு மேல ஆயிட்டிருந்தது பிற்பாடு 7 வாரத்துக்கும் கீழ வந்துச்சு.

நான் கேக்குறது ஒரு சின்னப் பெட்டிச் செய்திதான். 2 வாரத்துக்கு மேல விடாத வாந்தி, 4 வாரத்துக்கு மேல தலைவலி, புதுசா மாறுகண், தலை சாய்வு, நடைல தள்ளாட்டம், இப்படி இருந்தா ஸ்கேன் வேணுமான்னு டாக்டர்கிட்ட வாய் விட்டுக் கேளுங்கன்னு போடுங்க. இந்தக் கடிதத்தைப் போடாட்டியும் பரவால்ல, அதை மட்டும் போட்டுடுங்க. காலண்டர் தாள் ரெண்டும் தங்கச்சிகிட்ட பத்திரமா இருக்கு, வேணும்னா போட்டோ எடுத்து அனுப்புறேன்.

இப்படிக்கு,
ஒரு தாய்மாமன்