பள்ளி திறக்கும் முன் ஒரு கடிதம்

28 ஜனவரி 2022

அன்புள்ள நண்பா,

நலம். நீயும் வீட்டில் எல்லாரும் நலம்தானே? உன் கடிதம் கைக்கு வந்த கையோடு தமிழக அரசின் அறிவிப்பும் வந்துவிட்டது. பிப்ரவரி 1 முதல் ஒன்றாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை எல்லாருக்கும் பள்ளி. மழலையர் வகுப்புக்கு மட்டும் இன்னும் இல்லை. நீ தலைமையாசிரியர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு கேட்டிருக்கும் கேள்விகளில் முதலாவது நெற்றியில் நீட்டும் வெப்பமானி, கடைசி வரி ஜன்னல். நான் கடைசியிலிருந்து தொடங்குகிறேன். கொரோனா காற்றில் பரவும் நோய். அதனால் ஜன்னலுக்குத்தான் முதல் இடம்.

இரண்டு வருடமாகப் பெரும்பாலும் பூட்டிக் கிடந்த கட்டடத்தில் ஜன்னல் பாதி துருப்பிடித்து இறுகியிருக்கும். மீதிக்கு முன்னால் பீரோவோ உடைந்த பெஞ்சோ அடுக்கியிருப்பார்கள். ஒன்றாம் தேதிக்கு முன் கொல்லனையோ தச்சனையோ ஒருநாள் கூப்பிட்டு எல்லாவற்றையும் திறக்க வை. ஒரே சுவரில் நாலு ஜன்னல் இருந்தும் எதிர்ச்சுவர் மூடியிருந்தால் காற்று உள்ளே வந்து அங்கேயே நிற்கும். எதிரெதிராக இரண்டு வழி வேண்டும், கதவையும் ஒரு வழியாகக் கணக்கில் எடுத்துக்கொள். சோதித்துப் பார்க்க ஓர் ஊதுபத்தி போதும். அறை நடுவில், பிள்ளைகள் உட்கார்ந்தால் மூக்கு இருக்கும் உயரத்தில் பிடி. புகை ஒரு பக்கமாக இழுபட்டு வெளியேறினால் சரி. அங்கேயே சுருண்டு மேலேறி நின்றால் அந்த அறையில் ஆட்களைக் குறைக்க வேண்டும். சீலிங் ஃபேன் இருக்கிற காற்றைக் கலக்குமே தவிர மாற்றாது. காற்று நகராத அறையில் ஒரு பெடஸ்டல் ஃபேனை ஜன்னலோரம் வெளியைப் பார்த்து வைத்துவிடு. உள்காற்றை அது வெளியே தள்ளினால் எதிர்ப்பக்கத்திலிருந்து புதுக்காற்று தானாக வரும். கணினி அறையில் ஏசி இருக்கிறது என்று எழுதியிருந்தாய். அதைப் போட்டால் ஜன்னலை மூடுவார்கள். இந்தப் பருவம் முழுக்க அது வேண்டாம்.

கார்பன் டை ஆக்சைடு அளக்கும் சின்னக் கருவி யாரிடமாவது கிடைத்தால் ஒரு நாள் வாங்கி வை. வெளிக்காற்றில் 420 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 420 பங்கு) போலக் காட்டும். வகுப்பு நடக்கும்போது 800க்குள் இருந்தால் நல்லது. 1,500ஐத் தொட்டால் ஒருவர் விட்ட மூச்சை மற்றவர் இழுக்கிறார் என்று பொருள். மதியம் பார்க்காதே. காலை மூன்றாவது பாடவேளை முடிகிற நேரத்தில் பார், அப்போதுதான் அறை நிறைந்து சூடேறியிருக்கும்.

வகுப்புக்கு 20 பேர் என்று செப்டம்பரில் வந்த நெறிமுறை உன்னிடம் இருக்கும். அதைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்துவிட்டு மதியம் எல்லாரையும் ஒரே கூடத்தில் சாப்பிட வைத்தால் காலையில் செய்ததெல்லாம் வீண். முகக்கவசம் கழற்றுகிற ஒரே நேரம் அதுதான். அதோடு பேச்சும் சிரிப்பும் கூட இருக்கும். சத்துணவை மரத்தடியிலோ வராந்தாவிலோ, வகுப்பு வகுப்பாக, 20 நிமிட இடைவெளியில் போடச் சொல். எதிரெதிராக உட்கார வேண்டாம், எல்லாரும் ஒரே பக்கம் பார்த்து உட்காரட்டும். கைகழுவும் குழாயில்தான் நெரிசல் வரும். இருக்கிற குழாய் போதாதென்றால் டிரம்மில் குழாய் பொருத்தி இரண்டு வைத்துவிடு. ஆட்டோவிலும் வேனிலும் படுதா இறக்கிவிட்டு வருகிறார்கள் என்பதையும் வாசலில் நின்று ஒரு நாள் பார்.

வெப்பமானியைப் பற்றி நாலு வரி போதும். வெயிலில் நடந்து வந்த பிள்ளையின் நெற்றி சும்மாவே சுடும், ஏசி காரில் வந்தவனுக்குக் குறைவாகக் காட்டும். அறிகுறியே இல்லாமல் தொற்று இருக்கிறவனை அது கண்டுபிடிக்காது. ஆணையில் இருப்பதால் வைத்துக்கொள், ஆனால் அதற்காக வாசலில் 200 பேரை ஒட்டி ஒட்டி வரிசையில் நிறுத்தாதே. அந்த வரிசைதான் ஆபத்து. மைதானத்தில் பிளீச்சிங் தண்ணீர் அடிப்பதும் அப்படித்தான், பார்வைக்கு நன்றாக இருக்கும். 2020 ஏப்ரலில் திருப்பூரில் நடந்து போகிறவர்கள் மேல் மருந்து தெளிக்கும் கிருமிநாசினிச் சுரங்கம் வைத்ததும், அதே மாதத்தில் நம் பொது சுகாதாரத் துறையே அதை நிறுத்தச் சொன்னதும் உனக்கு நினைவிருக்கும். அந்தக் காசுக்கு உபரி முகக்கவசம் வாங்கு. வியர்வையில் நனைந்ததை மதியத்துக்கு மேல் மாற்றியாக வேண்டும். பாதிப் பிள்ளைகளிடம் ஒன்றுதான் இருக்கும்.

இனி 15 - 18 வயதுப் பிள்ளைகளுக்கான கொரோனா தடுப்பூசி, கோவாக்சின். ஜனவரி 3 அன்று முதல் தவணை போட்டவர்களுக்கு 28 நாள் முடிந்து 31ஆம் தேதியிலிருந்தே இரண்டாவது போடலாம். ஆனால் பட்டியலை இப்போதே மூன்றாகப் பிரித்துவிடு. முதலில், தேதி வந்துவிட்டவர்கள். அடுத்து, பொங்கல் விடுமுறைக்கு முன்னும் பின்னும் சிதறிப் போட்டுக்கொண்டவர்கள். இவர்களை நாள் பார்த்துத்தான் கூப்பிட வேண்டும், ஒருநாள் முந்தினாலும் அரசின் தடுப்பூசிப் பதிவுத் தளமான கோவின் ஏற்காது. மூன்றாவது, இந்த மாதம் தொற்று வந்து குணமானவர்கள். இவர்களுக்குக் குணமான நாளிலிருந்து மூன்று மாதம் தள்ளிப் போட வேண்டும் என்று போன வாரம் மத்திய சுகாதாரத் துறை எழுதியிருக்கிறது. பெற்றோர் இதைச் சொல்ல மாட்டார்கள், பள்ளியில் ஒதுக்கிவிடுவார்களோ என்ற பயம். வகுப்பாசிரியர் தனியாகக் கேட்டால் சொல்வார்கள்.

பதிவில் வரும் குளறுபடி எப்போதும் ஒரே மாதிரிதான். முதல் தவணையை அக்காவின் செல்போன் எண்ணில் பதிந்திருப்பார்கள். இரண்டாவதுக்கு அப்பாவின் எண்ணைக் கொடுப்பார்கள். கோவினில் அது மறுபடி முதல் தவணையாக ஏறிவிடும். ஆகவே பட்டியலில் பெயருக்கு எதிரே முதலில் கொடுத்த எண், எந்த அடையாள அட்டை, நான்கு இலக்க ரகசியக் குறியீடு மூன்றும் இருக்கட்டும். ஒரே எண்ணில் நாலு பேர்தான் என்றிருந்ததை ஆறாக்கிவிட்டார்கள், அந்தத் தொல்லை குறைந்தது. முகாம் தேதி வைக்கும்போது இன்னொன்றும் பார். நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் வாக்குப்பதிவு பிப்ரவரி 19. உன் பள்ளி வாக்குச்சாவடி என்றால் அதற்கு இரண்டு நாள் முன்பே கட்டடம் உன் கையில் இருக்காது, ஆசிரியர்களும் பயிற்சி என்று போய்விடுவார்கள். முதல் வாரத்திலேயே முடித்துவிடு.

முகாமில் மருந்தால் வரும் சிக்கலைவிட மயக்கத்தால் வரும் சிக்கல்தான் அதிகம். இதை நீ தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் செவிலியர் கையில் ஊசியோடு இருப்பார், கூட்டத்தைப் பார்த்துக்கொள்ளப் போவது நீதான். பதினைந்து, பதினாறு வயதில், காலையில் ஒன்றும் சாப்பிடாமல், வெயிலில் வரிசையில் நின்று, முன்னால் இருப்பவள் முகம் சுளிப்பதைப் பார்த்துக்கொண்டே நகர்ந்தால் ஊசி போடுவதற்கு முன்பே சிலர் விழுவார்கள். ஒருத்தி விழுந்தால் அதைப் பார்த்து அடுத்தவளுக்கும் தலை சுற்றும். ஜோர்டானில் 1998இல் பள்ளிகளில் டெட்டனஸ் - டிப்தீரியா ஊசி போட்டபோது இப்படித் தொடங்கி 800க்கும் மேற்பட்ட பிள்ளைகள் உடம்பு சரியில்லை என்றார்கள், 122 பேரை மருத்துவமனையில் சேர்த்தார்கள். விசாரித்தபோது பெரும்பாலோருக்கு மருந்து காரணமில்லை, பயம் பரவியதுதான் என்று தெரிந்தது. நடிப்பு என்று நினைத்துவிடாதே. மயக்கம், நடுக்கம், மூச்சுமுட்டல் எல்லாம் அவர்களுக்கு உண்மையாகவே இருக்கும். அதட்டினால் கூடும்.

அதனால் ஏற்பாடு இப்படி இருக்கட்டும். வீட்டில் சாப்பிட்டாயா என்று வாசலிலேயே கேள். இல்லையென்றால் பன்னோ பிஸ்கட்டோ கொடுத்து ஒரு தம்ளர் தண்ணீர் குடிக்க வை. வரிசை வேண்டாம். வகுப்பில் உட்கார வைத்து ஐந்தைந்து பேராகக் கூட்டி வா. ஊசி போடுமிடம் காத்திருப்பவர் கண்ணில் படக்கூடாது, ஒரு வேட்டியைக் கட்டி மறைத்தால் கூடப் போதும். போட்டு முடித்தவர்கள் வந்த வழியே திரும்பாமல் வேறு கதவால் அடுத்த அறைக்குப் போகட்டும். அங்கே 30 நிமிடம் உட்கார வேண்டும். செல்போனை அன்றைக்கு அனுமதித்துவிடு, கவனம் திரும்பும், ஆனால் யாரும் யாரையும் படம் பிடிக்கக்கூடாது. பயந்த முகம் தெரிந்தால் முதல் ஆளாகக் கூட்டி வந்து படுக்க வைத்தே போடலாம். ஊசி பயம் உள்ளவளைக் கடைசிக்குத் தள்ளினால் மூன்று மணி நேரம் அந்தப் பயத்தோடே இருப்பாள்.

விழுந்தால் என்ன பார்க்க வேண்டும்? சாதாரண மயக்கம் ஊசிக்கு முன்போ, போடும்போதோ, போட்ட சில நிமிடத்திலோ வரும். முகம் வெளுக்கும், குளிர்ந்து வியர்க்கும், நாடி மெதுவாக ஓடும். படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பிடித்தால் ஓரிரு நிமிடத்தில் கண் திறப்பாள். உடனே எழுப்பி நடக்க விடாதே, மறுபடி விழுந்து மண்டை உடையும். அனபிலாக்சிஸ் என்கிற கடும் ஒவ்வாமை வேறு. பெரும்பாலும் 5 முதல் 30 நிமிடத்துக்குள் வரும். தோல் தடித்துச் சிவக்கும், உதடு வீங்கும், மூச்சில் விசில் சத்தம் வரும், நாடி வேகமாகவும் மெலிந்தும் ஓடும், படுக்க வைத்தாலும் தேறாது. மிக அரிது, ஆனால் வந்தால் தாமதிக்கக்கூடாது. 1:1000 அட்ரினலின் 0.5 மி.லி. தொடையின் வெளிப்பக்கத் தசையில் செவிலியர் போடுவார். முகாம் தொடங்கும் முன் அந்தப் பெட்டியைத் திறந்து காலாவதித் தேதியை உன் கண்ணாலும் பார்த்துவிடு. ஆம்புலன்ஸ் வர வாசலில் வண்டிகள் நிற்கக்கூடாது. அது முழுக்க உன் வேலை.

குப்பியின் தேதியைப் பற்றி ஒரு பெற்றோர் சண்டை போட்டதாக எழுதியிருந்தாய். கோவாக்சினின் ஆயுளை 9 மாதத்திலிருந்து 12 மாதமாக நீட்டிக் கடந்த அக்டோபரில் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி கொடுத்தது. ஏற்கெனவே அச்சிட்ட குப்பிகளில் புது லேபிள் ஒட்டினார்கள், அதுதான் பழைய மருந்து என்ற பேச்சாகக் கிளம்பியது. இதை ஒளிக்காமல் முன்கூட்டியே சொல்லிவிட்டால் அடங்கிவிடும். இன்னொன்று, ஊசி போட்டதும் பாரசிட்டமால் 500 மி.கி. மூன்று மாத்திரை என்று சில இடங்களில் கையில் கொடுக்கிறார்கள். கோவாக்சினுக்கு அது தேவையில்லை என்று தயாரித்த பாரத் பயோடெக்கே இந்த மாதம் சொல்லிவிட்டது. காய்ச்சல் வந்தால், மருத்துவர் சொன்னால் கொடுக்கட்டும். மருந்துக் குளிர்பெட்டி வந்ததும் ஐஸ் கட்டிகளோடு குப்பி நேராக உரசாமல் இருக்கிறதா என்று செவிலியரிடம் கேள், தவறாக நினைக்க மாட்டார்கள். இந்த மருந்து 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். உறைந்துவிட்டால் கெட்டதுதான், உருக்கிப் பயன்படுத்தக்கூடாது.

வேண்டாம் என்கிற பெற்றோரிடம் எப்படிப் பேசுவது என்று கேட்டாய். ஹரியானாவில் போடாத 15 - 18 வயதினரைப் பள்ளிக்குள் விடமாட்டோம் என்று அறிவித்தார்கள். நீ அதைச் செய்யாதே. சம்மதமில்லாமல் யாருக்கும் போடச் சொல்லவில்லை என்று மத்திய அரசே உச்ச நீதிமன்றத்தில் இந்த மாதம் சொல்லியிருக்கிறது. அதோடு, ஊசியைத் தவிர்த்தவள் படிப்பையும் விட்டால் அவளை அடுத்த வருடம் கல்யாண மண்டபத்தில்தான் பார்ப்பாய். காரணத்தைக் கேள், ஒவ்வொரு வீட்டில் ஒவ்வொன்று இருக்கும். திருப்புதல் தேர்வு நேரத்தில் காய்ச்சல் வருமே என்பவருக்கு வெள்ளிக்கிழமை மாலை போடலாம், ஞாயிறுக்குள் சரியாகிவிடும். மாதவிலக்கு தவறும் என்ற பயத்துக்குப் பெண் ஆசிரியர் பதில் சொல்லட்டும். கிட்டத்தட்ட 4,000 பெண்களிடம் நடந்த அமெரிக்க ஆய்வு இந்த மாதம் வந்தது. சுழற்சி சராசரியாக ஒரு நாளுக்கும் குறைவாகத்தான் தள்ளியது. அங்கே போட்டது கோவாக்சின் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும், பாதி உண்மை சொன்னால் பிறகு முழு உண்மையையும் நம்ப மாட்டார்கள். குழந்தை பிறக்காது என்பவருக்கு இது செயலிழக்கச் செய்த வைரஸ் மருந்து, நாய்க்கடிக்குப் போடும் ஊசியும் இதே வகைதான் என்று சொல். அது ஊரில் எல்லாருக்கும் பழக்கம்.

15 வயதுக்குக் கீழே இன்னும் ஊசி இல்லை. அந்தப் பிள்ளைகளுக்குக் காவல் சுற்றியிருக்கும் பெரியவர்கள்தான். சத்துணவு அமைப்பாளர், சமையலர், வேன் ஓட்டுநர், துப்புரவுப் பணியாளர், இவர்கள் இரண்டு தவணையும் போட்டார்களா என்று பார். ஆசிரியர் பட்டியலை எல்லாரும் கேட்பார்கள், இவர்களை யாரும் கேட்பதில்லை.

இந்தக் களேபரத்தில் விட்டுப்போனது ஒன்று. 10 வயதிலும் 16 வயதிலும் பள்ளியில் போடும் டி.டி. (டெட்டனஸ் - டிப்தீரியா) ஊசி. பள்ளி பெரும்பாலும் மூடியிருந்த இரண்டு வருடத்தில் நிறையப் பேருக்குத் தவறியிருக்கும். பழைய பதிவேட்டைப் பார்த்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பெயர் கொடு. கொரோனா ஊசிக்கும் இதற்கும் 14 நாள் இடைவெளி விட்டுத் தேதி கேள். தண்ணீர்த் தொட்டியையும் மறக்காதே. அடியில் சேறும் மேலே கொசுப்புழுவும் இருக்கும். காலி செய்து தேய்த்துக் கழுவி நிரப்பியபின் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர். ஒரு வாளியில் கரைத்துத் தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துக் குழாயைத் திறக்கலாம். பை திறந்து மாதக்கணக்கில் கிடந்த பவுடரில் வீரியம் இருக்காது, புதிதாக வாங்கு.

பட்டியல் தயாரானதும் ஒரு பிரதி எனக்கும் அனுப்பு, தேதிகளை ஒருமுறை சரிபார்த்துத் தருகிறேன். அம்மாவுக்கு முன்னெச்சரிக்கைத் தவணை, அதாவது மூன்றாவது ஊசி, போடலாமா என்று கேட்டிருந்தாய். 60 வயது தாண்டி, சர்க்கரையும் இருப்பதால் போடலாம், இரண்டாவது தவணைக்குப் பின் 9 மாதம் முடிந்திருக்க வேண்டும். ஏப்ரல் கடைசியில் போட்டதாக நினைவு, அந்தச் சான்றிதழை எடுத்துப் பார். முன்பு போட்ட அதே மருந்துதான் போடுவார்கள்.

வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்