அந்த ஒரு வரி அப்படியே இருக்கட்டும், அக்கா

அன்புள்ள அக்கா,

என் கதைத் தொகுப்பின் இறுதிப் படியைப் பதிப்பகத்துக்கு அனுப்பிவிட்டேன். நீங்கள் அடிக்கச் சொன்ன வரியை அடிக்கவில்லை. ‘அதன் பிறகு பதினோரு வருடங்கள் அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்ளவில்லை’ என்பது தனிப் பத்தியாகவே அச்சுக்குப் போகிறது. உங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அனுப்பியிருக்க மாட்டேன் என்பதால்தான் கேட்கவில்லை. மன்னியுங்கள்.

உணர்ச்சியைப் பெயர் சொல்லி எழுதாமல் காட்சியால் உணர்த்தவேண்டும் என்ற ‘சொல்லாதே, காட்டு’ விதியை நீங்கள் எனக்குப் பாடமாக நடத்தியதில்லை. ‘அம்மாவுக்குக் கடுங்கோபம் வந்தது’ என்று நான் எழுதியிருந்த இடத்தில், ‘பக்கத்தில் நின்றவனுக்கு அது எப்படித் தெரிந்தது?’ என்று பென்சிலால் குறித்துக் கொடுத்தீர்கள், அவ்வளவுதான். அவள் பாத்திரங்களை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வந்து, ஏற்கெனவே மூடியிருந்த ஒன்றையும் இன்னொரு முறை அழுத்தி மூடுவதாக மாற்றினேன். கோபம் என்ற சொல்லே அந்தப் பக்கத்தில் இல்லை. படித்தவர்களுக்கோ கோபத்தைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. உள்ளத்தில் எழுவது உடம்பில் தென்படுவதைத் தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளாக வகுத்திருக்கிறது என்று மனப்பாடம் செய்திருந்த எனக்கு, அதன் பயன் அன்றுதான் விளங்கியது. 1886இல் ரஷ்ய எழுத்தாளர் செகாவ் தம் அண்ணனுக்கு எழுதிய கடிதத்தில், நிலா இரவைக் கொண்டுவர உடைந்த புட்டித் துண்டின் மினுக்கம் போதும் என்று எழுதியதையும் நீங்கள்தான் எடுத்துக் காட்டினீர்கள். அந்த அன்புக்கு நான் கடன்பட்டவன்.

இந்த வரி வேறு. கோபத்துக்கு ஒரு கணம் உண்டு, ஆகவே அதற்குக் காட்சியும் உண்டு. பேசாமல் கழிந்த வருடங்களுக்கு எந்தக் காட்சியை எழுதுவது? தெருவில் எதிர்ப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வதை எழுதினால், அது அந்த ஒரு நாளின் பகையாகச் சுருங்கிவிடும். கதைசொல்லி ஒரே மூச்சில் சொல்லிக் கடக்கும்போதுதான் எவ்வளவு காலம் வீணாய்ப் போயிற்று என்பது உறைக்கிறது. காட்டுவதையே கதைக் கலையாகக் கருதி 1921இல் ஆங்கில விமர்சகர் பெர்சி லப்பக் எழுதியதற்கு, 1961இல் அமெரிக்க விமர்சகர் வெயின் பூத் விரிவாக மறுப்பு எழுதினார். எதைக் காட்டுவது என்று தேர்ந்தெடுப்பவர் இருக்கும்வரை ஆசிரியர் மறைந்துவிட முடியாது என்பது அவருடைய வாதம். நீங்கள் முதலாமவரோடு நின்றுவிட்டீர்கள்.

இதையெல்லாம் அன்றே சொல்லியிருப்பேன். அந்த வரியை நம் கதை வாசிப்புக் கூட்டத்தில் உரக்கப் படித்து நிறுத்தினீர்கள், சிரிப்பு எழுந்தது. யார் சிரித்தார்கள் என்று இங்கே எழுதப் போவதில்லை, அவர்களும் இதைப் படிக்கக்கூடும். ‘இது கதைச் சுருக்கம், கதை இல்லை’ என்று சொல்லிவிட்டு அடுத்தவர் கதைக்குப் போய்விட்டீர்கள். எனக்கு எதையும் காட்டவில்லை, அக்கா, தீர்ப்பைத்தான் சொன்னீர்கள். ஆத்திரமாக வந்தது. (கதையில் இப்படி எழுதமாட்டேன், கடிதத்தில் எழுதலாம்.)

நீங்கள் குறித்த மற்ற இடங்களையெல்லாம் திருத்திவிட்டேன். ஆஸ்பத்திரிக் காட்சியின் முடிவில் ‘இருவர் மனமும் இளகியது’ என்றிருந்ததை எடுத்துவிட்டேன். தம்பியின் மாத்திரையை உறையிலிருந்து பிரித்து அண்ணனே நீட்டுவதோடு அது முடிகிறது. அங்கே விளக்கம் வேண்டாம் என்று நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் அந்த மாத்திரைக்கு ஒரு கனம் வரவேண்டுமானால், முன்னதாகப் பதினோரு வருடங்கள் கழிந்திருப்பதை வாசகர் அறிந்திருக்க வேண்டும்.

புத்தகம் வந்ததும் முதல் பிரதி உங்களுக்குத்தான். அந்த வரியை மறுபடி அடிப்பதானால் அடியுங்கள். இந்த முறை காரணத்தையும் எனக்கு எழுதி அனுப்புங்கள்.