கணினியை விற்கவில்லை, தம்பி

ராயபுரம்,
ஐப்பசி, சனிக்கிழமை.

அன்புள்ள குமரனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நான் நலம். நீங்கள் இருவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

"அந்தப் பழைய பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு லேப்டாப் வாங்கிக்கோம்மா" என்று சொல்லி வைத்தவன், அதன்பின் பேசவே இல்லை. வேலை மிகுதியாக இருக்கும். பெட்டியை நான் தூக்கிப் போடவில்லை. அது இப்போது நன்றாக ஓடுகிறது. போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று நீ பாதியிலேயே முடித்துவிடுவாய் என்பதால்தான் கடிதமாக எழுதுகிறேன்.

முதல் மழை பெய்த இரவில் மின்சாரம் போவதும் வருவதுமாக இருந்தது. மறுநாள் பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரை மட்டும் இருட்டாகவே இருக்கிறது. உள்ளேயிருந்து நீளமான பீப் ஒலி விட்டுவிட்டு வருகிறது. உள்ளே மின்சாரம் கொடுக்கிற எஸ்.எம்.பி.எஸ். போய்விட்டது, பெட்டியைக் கொண்டுவந்து வையுங்கள் என்று கடைக்காரப் பையன் பார்க்காமலே சொல்லிவிட்டான். ஃபேனும் சுற்றி பீப்பும் வரும்போது எஸ்.எம்.பி.எஸ். அடியோடு செத்திருக்காது என்பதுகூடவா எனக்குத் தெரியாது? திரும்பத் திரும்ப நீளமாகக் கத்தினால் முதலில் ராம் என்கிற நினைவகப் பட்டையைப் பார்க்க வேண்டும் என்று நீ பள்ளியில் படிக்கும்போது எழுதிக் கொடுத்த காகிதம் இன்னும் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது. அப்போது உன் கையெழுத்து அவ்வளவு திருத்தமாக இருந்தது. இப்போது ஒரு வரி எழுத உனக்கு நேரமில்லை.

பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சிறிது நேரம் அழுத்திப் பிடித்து, உள்ளே தங்கிய மின்சாரத்தை இறக்கிவிட்டு, இரும்புக் கூட்டைத் தொட்ட பிறகே கையை உள்ளே விட்டேன். நீயும் அங்கே உன் கணினியைத் திறந்தால் முதலில் பிளக்கைப் பிடுங்கு. ராமின் பொன்னிறப் பற்களில் பழுப்பாக ஒரு படலம் படிந்திருந்தது. காசிமேட்டுக் கடல் காற்று எதைத்தான் விட்டுவைக்கிறது? பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகளைப் பிரஷ்ஷால் தட்டி, இரண்டு ராம்களையும் ஒவ்வொன்றாக ஒரே இடத்தில் மாட்டிப் பார்த்தேன். இரண்டுமே நல்லவை, அழுக்குதான் குறுக்கே நின்றிருக்கிறது. கையோடு மதர்போர்டில் கெப்பாசிட்டர் எதுவும் தலை வீங்கியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தேன். இல்லை.

திரை வந்தது. ஆனால் "சிமாஸ் செக்சம் எரர்" என்று நின்றது. சேமித்து வைத்த அமைப்பு கெட்டுவிட்டது என்று அர்த்தம். தேதி 2009 ஜனவரி 1 என்று காட்டியது. மதர்போர்டிலிருக்கும் காசு போன்ற பேட்டரியை அப்பாவின் மீட்டரில் வைத்துப் பார்த்தால், 3 வோல்ட் இருக்க வேண்டியது 2.4 தான் இருந்தது. எம்.சி. ரோட்டுக் கடிகாரக் கடையிலேயே சி.ஆர். 2032 கிடைத்தது. அங்கே சம்பந்தியம்மா எதிரே வந்தார்கள், என்னைப் பார்க்காமலே போய்விட்டார்கள். மழைக்குக் குடை மறைத்திருக்கும்.

புதுப் பேட்டரி போட்ட பிறகுதான் பெரிய சோதனை வந்தது. விண்டோஸ் எக்ஸ்பி படம் வந்ததும் திரை நீலமாகி, கடைசியில் 7பி என்று முடிகிற ஓர் எண்ணைக் காட்டிவிட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. கடைப் பையனிடம் கேட்டால், "ஹார்ட் டிஸ்க்கை ஃபார்மட் அடிச்சுடலாம்மா, அரை மணி நேர வேலை" என்கிறான். ஃபார்மட் அடித்தால் என்னென்ன போகும் என்று அவனுக்கென்ன தெரியும்? ஆண்டர்சன் தெருக் கடைகளுக்கு நான் அடித்துக் கொடுத்த அழைப்புப் பத்திரிகைகள் அத்தனையும், பக்கம் அமைக்கிற பேஜ்மேக்கர் மென்பொருளில், அதற்குள்தான் இருக்கின்றன. அந்தப் பழைய எழுத்துருக்கள் எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு இல்லையாதலால் அவை இல்லாத கணினியில் திறந்தால் தமிழுக்குப் பதில் புரியாத குறிகள்தான் வரும். உன் லேப்டாப் யோசனை எனக்கு உதவாததும் அதனால்தான். 2014 ஏப்ரலிலேயே எக்ஸ்பிக்குப் பாதுகாப்பு நிறுத்திவிட்டார்கள் என்று சொல்வாய்; அதனால்தான் இன்டர்நெட் வயரையே நான் அதில் சொருகுவதில்லை.

ஹார்ட் டிஸ்க்கின் மேல் குற்றமே இல்லை, தம்பி. பேட்டரி தீர்ந்ததும், கணினியைத் தொடங்கி வைக்கிற பயாஸ் தன் பழைய அமைப்பை மறந்து, டிஸ்க்கோடு பேசுகிற சாட்டா முறையை ஏ.எச்.சி.ஐ. என்று மாற்றி வைத்துக்கொண்டது. எக்ஸ்பிக்கு அதற்கான டிரைவர் இல்லாததால் பக்கத்திலேயே இருக்கிற டிஸ்க்கை அதனால் படிக்க முடியவில்லை; அந்த 7பி சொன்னதும் இதைத்தான். உன் காகிதத்தின் கடைசி வரியில் "சாட்டா: ஐ.டி.இ. மாற்றாதே" என்று நீயே கோடிட்டிருக்கிறாய். பழையபடி ஐ.டி.இ. முறைக்கே மாற்றிச் சேமித்தேன், எல்லாம் வந்துவிட்டது. அந்தப் பையன் பேச்சைக் கேட்டு அன்றைக்கே அழித்திருந்தால், அழித்த பிறகும் அதே நீலத் திரைதான் வந்திருக்கும். எது பழுது என்று ஒவ்வொன்றாகப் பார்க்காமல் யார் சொன்னாலும் எதையும் ஃபார்மட் அடிக்காதே. உன் அலுவலகத்திலும் சரி, வீட்டிலும் சரி, முதலில் ஒரு பிரதி எடுத்து வை.

எழுத்துரு சரியாக வருகிறதா என்று பார்க்கத் திறந்தது உங்கள் கல்யாணப் பத்திரிகைதான். தேன்மொழி என்று அடித்தால் கடைசி இரண்டு எழுத்தும் ஒட்டிக்கொண்டு நிற்கும். அன்றைக்கு என் பக்கத்தில் உட்கார்ந்து, "இங்கே கொஞ்சம் இடம் விடுங்க அத்தை" என்று அவள்தான் கண்டுபிடித்துச் சொன்னாள். இத்தனை வருடம் பத்திரிகை அடித்த எனக்கே அது தெரியவில்லை, அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தது. நான் போன் செய்யும்போதெல்லாம் அவள் தூங்குகிறாள் என்கிறாய். இரவு எட்டு மணிக்குத் தூக்கமா என்று நான் கேட்கவில்லை. உடம்புக்கு முடியவில்லை என்றால் மறைக்காமல் எழுது.

டிஸ்க் பழையதாகிவிட்டது, எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது. வரும்போது வெளியே வைத்துச் சொருகுகிற ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கி வா, எல்லாவற்றையும் பிரதி எடுத்துவிடுவோம். பேஜ்மேக்கர் பக்கங்களைப் பி.டி.எஃப். ஆக மாற்றத் தேன்மொழிக்குத்தான் பொறுமை உண்டு, உனக்குக் கிடையாது. ரயிலில் 60 நாளுக்கு முன்பே முன்பதிவு திறந்துவிடுகிறது. பொங்கல் டிக்கெட் திறந்த சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். போடும்போது இரண்டு டிக்கெட்டாகப் போடு. போட்டதும் எனக்குத் தெரியப்படுத்து.

அன்புடன்,
அம்மா