லைசென்ஸ் வேண்டாத வாடகை வண்டி இடித்தால் யார் பொறுப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையில் வாடகைக்குக் கிடைக்கும் மின்சார ஸ்கூட்டர்கள் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். லைசென்ஸ் வேண்டாம், ஆர்.சி. வேண்டாம், செல்போனில் ஸ்கேன் செய்து எடுத்துக்கொண்டு போகலாம் என்று நல்லதை மட்டும் எழுதியிருக்கிறீர்கள். நான் வேளச்சேரியில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன். இந்த வண்டிகளுக்குப் பேட்டரி மாற்றும் பெட்டி என் கடை வாசலில்தான் நிற்கிறது. இடத்துக்கு மாதாமாதம் ஒரு தொகையும் வருகிறது. ஆகவே இந்தத் தொழிலுக்கு நான் எதிரி இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பெட்டிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் சாப்பாடும் மளிகையும் கொண்டுபோய்க் கொடுக்கும் பையன்கள். ஒடிசா, அசாம், பீகார். நம் பக்கம் என்றால் விழுப்புரம், கள்ளக்குறிச்சி. சீட்டைத் தூக்கி, தீர்ந்துபோன பேட்டரியை உருவி, காலி அறையில் செருகுவார்கள். பக்கத்தில் இன்னொரு அறையின் கதவு பச்சை விளக்கோடு திறந்துகொள்ளும். சார்ஜ் ஏறியதை எடுத்து மாட்டிக்கொண்டு அடுத்த ஆர்டருக்குக் கிளம்பிவிடுவார்கள். பெட்ரோல் பங்க்கில் வரிசையில் நிற்பதைவிடச் சீக்கிரம் முடிகிற வேலை. அந்த வசதியை நான் குறை சொல்ல மாட்டேன்.

சொந்தமாக வாங்கினால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். நல வாரியத்தில் பதிவு செய்த, இந்தப் பையன்களைப் போன்ற இணையவழித் தொழிலாளர்கள் 2,000 பேருக்குப் புது மின் ஸ்கூட்டர் வாங்கத் தலா ரூ.20,000 மானியம் என்று தமிழக அரசு 2025-26 பட்ஜெட்டில் அறிவித்தது. நல்ல காரியம்தான். ஆனால் நாலைந்து பேராகச் சேர்ந்து ஒரே அறையில் தங்கியிருக்கும் வெளியூர்ப் பையனை நம்பி மீதிப் பணத்துக்குக் கடன் கொடுக்க யார் வருவார்கள்? ஆதாரைக் காட்டி வார வாடகைக்கு எடுப்பதுதான் அவனுக்கு முடிகிறது. காய்ச்சலில் படுத்தாலும், தீபாவளிக்கு ஊருக்குப் போனாலும் அந்த வாடகை ஓடிக்கொண்டே இருக்கும்.

என் கவலை வேறு. லைசென்ஸ் வேண்டாம் என்பதற்குக் காரணம், சட்டத்தின் கண்ணில் இது மோட்டார் வாகனமே இல்லை என்பதுதான். மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குக் கீழே, வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் கீழே, பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்குள் இருந்தால், மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989 அந்த வண்டியை மோட்டார் வாகனக் கணக்கில் சேர்ப்பதில்லை. வீட்டுக்கும் மார்க்கெட்டுக்கும் ஓட்டுகிற பெரியவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் கணக்கில் சேராத வண்டிக்கு, இடிபட்டவருக்கு நஷ்டஈடு தரும் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸும் கட்டாயமில்லை. இரு சக்கர வாகனங்களை வாடகைக்கு விடுவதற்கு மத்திய அரசு 1997-லேயே ஒரு திட்டம் கொண்டுவந்து, லைசென்ஸ் வாங்கித்தான் தொழில் செய்ய வேண்டும் என்று வைத்திருக்கிறது. அது மோட்டார் சைக்கிளுக்கான திட்டம் என்பதால் இந்த வண்டிகளை வாடகைக்கு விடும் நிறுவனங்களுக்கு அந்தக் கட்டுப்பாடும் இல்லை. ஓட்டுகிறவனுக்குக் கொடுத்த சலுகையை வாடகைக்கு விடுகிறவர் அனுபவிக்கிறார்.

இது ஏட்டளவில் சொல்கிற பேச்சு இல்லை. போன மழைக்காலத்தில் என் கடைக்கு எதிரே ராங் சைடில் வந்த ஒரு பையன், பூ விற்கிற அம்மாவை இடித்துவிட்டான். அந்த அம்மாவுக்கு மணிக்கட்டில் எலும்பு முறிவு. வண்டியில் நம்பர் பிளேட் கிடையாது, கைப்பிடிக்குக் கீழே பாதி உரிந்த ஒரு க்யூஆர் ஸ்டிக்கர்தான். போலீஸ்காரர் அதில் இருந்த எழுத்துகளைத் தடவித் தடவிப் பார்த்து எழுதிக்கொண்டார். வாடகை நிறுவனத்துக்குப் போன் போட்டால், 'நீங்கள் ஒப்புக்கொண்ட நிபந்தனைகளைப் படித்துப் பாருங்கள்' என்றார்கள். பையன் கேட்டுக்கொண்டதால் நானே அவன் செல்போனில் படித்துப் பார்த்தேன். முழுக்க ஆங்கிலம். பிறருக்கு ஏற்படும் காயம், சேதம் எல்லாவற்றுக்கும் எடுத்தவரே பொறுப்பு. தண்ணீரில் நனைந்து பழுதானாலும் எடுத்தவர் செலவு. வேளச்சேரியில் மழைக்காலத்தில் வண்டியை நனையாமல் ஓட்டுவது எப்படி என்று அந்த நிபந்தனையில் எழுதவில்லை. கடைசியில் பையன் கையில் இருந்ததைக் கொடுத்தான், அக்கம்பக்கத்தில் நாங்களும் கொஞ்சம் போட்டோம். அந்த அம்மா பல வாரம் கடை போடவில்லை.

இந்தப் பையனை ஒரு காரோ லாரியோ இடித்திருந்தால், அந்த வண்டியின் இன்சூரன்ஸில் கேட்டு வாங்க வழி இருக்கிறது. இவன் யாரையாவது இடித்தாலோ, பள்ளத்தில் தானே விழுந்தாலோதான் கேட்பாரில்லை. வாடகை பாக்கி விழுந்தால் எங்கோ உட்கார்ந்துகொண்டு வண்டியை லாக் செய்யத் தெரிந்த நிறுவனத்துக்கு, வண்டிக்கு இத்தனை ரூபாய் என்று இன்சூரன்ஸ் எடுக்க மட்டும் தெரியாதா?

எல்லோரையும் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு அலையவிடச் சொல்லவில்லை. சொந்த உபயோகத்துக்கு இருக்கும் சலுகை அப்படியே இருக்கட்டும். வாடகைக்கு விடுகிற வண்டி என்றால், ஓட்டுகிறவருக்கும் எதிரே வருகிறவருக்கும் சேர்த்து நிறுவனமே காப்பீடு எடுக்க வேண்டும்; தூரத்தில் இருந்தே படிக்கும்படி பெரிய எழுத்தில் ஒரு எண் வேண்டும்; நிபந்தனைகள் தமிழிலும் இந்தியிலும் வேண்டும். மத்திய விதி மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பேட்டரிப் பெட்டி வைக்கப் பொது இடம் கொடுக்கும்போது இவற்றை மாநகராட்சி நிபந்தனையாகப் போடலாம். அண்ணாநகரில் டெலிவரி ஊழியர்களுக்கு ஏ.சி. ஓய்வறை கட்டிக்கொடுத்த மாநகராட்சிக்கு இது பெரிய வேலை இல்லை. என்னைப் போலத் தனியாக இடம் விட்டவர்களும் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது கேட்கலாம். நான் இந்த முறை கேட்கப் போகிறேன்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இந்த வண்டிகளைப் பற்றி எழுதும்போது, விபத்து நடந்தால் யார் பணம் கட்டுவது என்று அந்த நிறுவனங்களிடம் கேட்டு, பதிலையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடைக்காரர்,
வேளச்சேரி, சென்னை-42