746: காட்பாடித் தொகுதியின் பூத் ஏஜெண்டுகளுக்கு ஒரு திறந்த மடல்

காட்பாடியில் எந்தக் கட்சிக்காகவும் பூத்தில் உட்காரும் அண்ணன் தம்பிகளுக்கும் அக்கா தங்கைகளுக்கும் வணக்கம்.

நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. பல தேர்தல்களில் வெளித் தொகுதிச் சாவடிகளில் வேலை பார்த்திருக்கிறேன். ஓட்டு மட்டும் நம்ம ஊரில்தான்.

2021 சட்டமன்றத் தேர்தலில் இங்கே தி.மு.க.வின் துரைமுருகன் வாங்கியது 85,140. அ.தி.மு.க.வின் வி. ராமு வாங்கியது 84,394. வித்தியாசம் 746. 1971-லேயே இந்தத் தொகுதியில் ஜெயித்தவர், மூத்த தலைவர், அவருக்கே அவ்வளவுதான். சாவடிகளுக்குப் பங்கு போட்டுப் பாருங்கள், ஒரு சாவடிக்கு இரண்டு மூன்று ஓட்டுதான் வரும். 373 பேர் மாற்றிக் குத்தியிருந்தால் இருவரும் சமம். அப்புறம் சட்டப்படி குலுக்கல் போட்டு எம்.எல்.ஏ.வை முடிவு செய்திருக்க வேண்டும்.

எனக்கு அந்த 746-ஐப் பார்க்கும்போதெல்லாம் ஒரே ஒருவர் முகம்தான் ஞாபகம் வரும்.

ஏப்ரல் 6, செவ்வாய்க்கிழமை. கொரோனா காலம். பக்கத்து வீட்டு ஆயாவை நான்தான் கையைப் பிடித்து அழைத்துப் போனேன். வாசலில் நெற்றியில் வெப்பம் பார்த்து, வலது கைக்கு ஒரு பிளாஸ்டிக் உறை கொடுத்தார்கள். வாக்காளர் அட்டையை மஞ்சப்பையிலிருந்து எடுத்து முந்தானையால் துடைத்து நீட்டினார். அலுவலர் விரலை வைத்துப் பட்டியலில் கீழே இறங்கிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றார். ஆயாவின் படத்தின் மேலேயே குறுக்காக ‘நீக்கம்’ என்று முத்திரை.

“நான் உசுரோட கீறேனே நைனா” என்றார் ஆயா.

உள்ளே உட்கார்ந்திருந்த ஏஜெண்டுகள் தங்கள் கையிலிருந்த பட்டியலையும் புரட்டினார்கள். ஒரு தம்பி எழுந்து நின்று, “பட்டியல்ல பேரு இல்லன்னா ஒண்ணும் பண்ண முடியாதும்மா” என்றார். சரியாகத்தான் சொன்னார். அட்டை இருந்தாலும் பட்டியலில் பேர் இல்லாவிட்டால் ஓட்டு இல்லை. அவரை நான் குறை சொல்லவில்லை. ஆயா உறையைக் கழற்றி மடித்து என் கையில் கொடுத்தார். எம்.ஜி.ஆர். காலத்திலிருந்து ஒரு தேர்தலையும் விடாதவர்.

பிறகு விசாரித்தேன். குடியிருந்த வாடகை வீட்டை இடித்ததால் இரண்டு தெரு தள்ளி வந்திருக்கிறார். அக்கம் பக்கத்தில் யாரோ, “அது மகன்கூட பெங்களூருக்குப் போயிடுச்சு” என்று சொல்லிவிட்டார்கள். அந்த ஒரு வாய்ச்சொல் போதுமாயிருந்தது.

உங்களிடம் எனக்கு மனக்குறை இங்கேதான். 2020 நவம்பர் 16-ல் வரைவுப் பட்டியல் வந்துவிட்டது. இறுதிப் பட்டியல் 2021 ஜனவரி 20-ல். நடுவில் இரண்டு மாதம். அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்குப் பட்டியல் இலவசமாகவே கிடைக்கிறது. அன்று அந்த அறையில் இருந்த ஏஜெண்டுகளில் ஒருவர் அந்த இரண்டு மாதத்தில் எங்கள் தெருவுக்குள் பட்டியலோடு நடந்திருந்தால், ஆயா திண்ணையில்தான் உட்கார்ந்திருப்பார், கண்ணில் பட்டிருப்பார்.

வாக்குப்பதிவு நாளில் நீங்கள் படும் பாடு எனக்குத் தெரியும். விடிவதற்குள் வந்து, மாதிரி வாக்குப்பதிவில் குறைந்தது ஐம்பது ஓட்டுப் போட்டுச் சரிபார்த்து, சாயங்காலம் பதிவான ஓட்டுக் கணக்கைக் காட்டும் 17சி படிவத்தில் கையெழுத்துப் போட்டு நகல் வாங்கும் வரை அசைய மாட்டீர்கள். அந்த அக்கறையில் பாதி பட்டியல் வேலைக்கும் வேண்டும் என்று கேட்கிறேன். காட்பாடி அப்படிப்பட்ட ஊர். ரயிலுக்கும் காலேஜுக்கும் ஆஸ்பத்திரிக்கும் வந்தவர்கள் வீடு மாறிக்கொண்டே இருப்பார்கள். காந்தி நகரில் இருந்தவர் விருதம்பட்டுக்கு வருவார், கழிஞ்சூரில் இருந்தவர் தாராபடவேட்டுக்குப் போவார். பிள்ளைகள் பெங்களூரிலும் சென்னையிலும் வேலை பார்ப்பார்கள்.

வீட்டில் ஆள் இல்லை என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னால் இன்னொரு தடவை போங்கள், சாயங்காலம் போங்கள். இடம் மாறியவருக்கு 8-ஆம் படிவம், விடுபட்டவருக்கு 6. இவை இரண்டையும் எப்போதும் கையில் வைத்திருங்கள். 7-ஆம் படிவம் நீக்கச் சொல்வது. இந்த வீடு நமக்குப் போடாது என்பதற்காக அதை நீட்டுவது பாவம், தயவுசெய்து வேண்டாம். இறந்தவர் பேரை எடுக்கச் சொல்லுங்கள், அது உங்கள் கடமை. ஆனால் இறந்தாரா என்று அந்த வீட்டு வாசலில் நின்று கேட்டுவிட்டு எழுதுங்கள். கல்யாணமாகிப் போன பெண் பேரை எடுத்தால், புகுந்த ஊரில் சேர்ந்துவிட்டதா என்று அவள் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஆயாவுக்கு 6-ஆம் படிவம் நான்தான் எழுதிக் கொடுத்தேன். பேர் மறுபடி வந்துவிட்டது, கதவு எண் தப்பாக இருக்கிறது. எங்கள் சாவடிக்கான வாக்காளர் பட்டியலை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வாருங்கள். எந்தக் கட்சியானாலும் சரி, வீடு வீடாக நானும் கூட நடக்கிறேன்.

இப்படிக்கு,
காட்பாடி வாக்காளர் ஒருத்தி