தாளில் விழும் சூரியனுக்கும் தடையா?

எங்கள் மாவட்டத்தின் முதன்மைக் கல்வி அலுவலர் அவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பள்ளி வளாகங்களில் பகல் நேரத்தில் தொலைநோக்கியை வெளியே எடுப்பது மறு உத்தரவு வரும் வரை கூடாது என்ற உங்கள் சுற்றறிக்கை பற்றி எழுதுகிறேன். அது ஏன் வந்தது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், மாவட்டத்தின் ஆசிரியர் வாட்ஸ்அப் குழுக்கள் அத்தனைக்கும் தெரியும். தொலைநோக்கி வழியாகச் சூரியனைப் பார்த்த அந்தப் பையனின் கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எங்களுக்கெல்லாம் மூச்சே வந்தது. நீங்கள் பதறியதில் தப்பில்லை. உங்கள் இடத்தில் யார் இருந்தாலும் அன்றைக்கே ஏதாவது ஓர் உத்தரவு போட்டிருப்பார்கள்.

ஆனால் அன்று நடந்ததற்கும் இந்த உத்தரவுக்கும் பொருத்தம் இருக்கிறதா என்று தயவுசெய்து ஒரு முறை பாருங்கள். அன்று அந்தப் பையன் தொலைநோக்கிக்குள் கண்ணை வைத்தான். கண்ணருகு லென்ஸில் திருகி மாட்டும் கறுப்பு ஃபில்டர் ஒன்று, மலிவுத் தொலைநோக்கிகளின் பெட்டியிலேயே வருமே, அது சூடு தாங்காமல் விரிசல் விட்டது. முன்னால் இருக்கும் லென்ஸ் திரட்டுகிற வெயில் முழுவதும் அந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் வந்து குவிகிறது. விரிசல் விடாமல் என்ன செய்யும்? விழித்திரைக்கு வலி உணரும் நரம்பு கிடையாது. சுட்டது தெரியும்போது பார்வை போயிருக்கும். அந்த ஃபில்டரைத் தேடிப் பிடித்துக் குப்பையில் போடச் சொல்லி உத்தரவு போட்டிருந்தால் நான் உங்களுக்கு நன்றி மடல் எழுதியிருப்பேன்.

நீங்கள் தடுத்தது வேறொன்றை. சூரியனைத் தாளில் காட்டுவதை.

தொலைநோக்கிக்குப் பின்னால் ஒரு பரீட்சை அட்டையைப் பிடித்து, அதில் செருகிய வெள்ளைத் தாளில் சூரியனின் பிம்பத்தை விழவைப்பதுதான் அந்த முறை. யாரும் தொலைநோக்கிக்குள் பார்ப்பதில்லை. எல்லோரும் தாளைப் பார்க்கிறார்கள், அதுவும் சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. இதனால் கண் கூசாதா என்று உங்கள் அலுவலகத்தில் கேட்டார்கள். கணக்கு ஒன்பதாம் வகுப்புக் கணக்குதான். நாங்கள் வைத்திருப்பது 60 மில்லிமீட்டர் லென்ஸ். அதில் நுழைகிற வெளிச்சத்தை 150 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டமாக விரிக்கிறோம். பரப்பளவைப் போட்டுப் பாருங்கள்: வெயிலில் திறந்து வைத்த நோட்டுப் புத்தகத்தின் மேல் விழும் வெளிச்சத்தில் ஆறில் ஒரு பங்குதான் தாளில் விழுகிறது. குழாயைச் சுற்றி ஓர் அட்டையை மாட்டி நிழல் உண்டாக்கினால்தான் பிம்பமே தெளிவாகத் தெரியும். மரத்தடியில் பாடப்புத்தகம் படிப்பதைத் தடை செய்யாத துறை இதை ஏன் தடை செய்ய வேண்டும்?

ஆபத்தே இல்லை என்று சொல்லவில்லை. ஆபத்து எங்கே என்பது எங்களுக்குத் தெரியும் என்கிறேன். குறிபார்க்கும் சின்னக் குழலுக்கு முதலில் மூடி போட்டுவிடுவோம், இல்லாவிட்டால் கழற்றி வைத்துவிடுவோம். ஏதாவது ஒரு பிள்ளை அதில் எட்டிப் பார்க்கும் என்பது நிச்சயம். சூரியனைத் தேடிக் கண்ணை வைப்பதில்லை. குழாயின் நிழல் தரையில் எப்போது ஆகச் சிறியதாகிறதோ அப்போது அது சூரியனை நோக்கியிருக்கிறது. பிளாஸ்டிக் கண்ணருகு லென்ஸ் உருகிவிடும் என்பதால் பழைய கண்ணாடி லென்ஸ்தான் போடுவோம். கண்ணருகு லென்ஸுக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் நகராமல் நிற்பார். அவர் டீ குடிக்கப் போனால் தொலைநோக்கியும் மூடிக்கொள்ளும்.

இப்போது உங்களிடம் உண்மையில் சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

உங்கள் சுற்றறிக்கை வந்தபோது ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் தினமும் காலைப் பிரார்த்தனை முடிந்ததும் சூரியனை வரைந்துகொண்டிருந்தார்கள். காம்பஸில் வட்டம் போட்ட தாள். பிம்பம் வட்டத்துக்குள் உட்காரும். ஆனால் பூமி சுற்றுவதால் இரண்டே நிமிடத்தில் முழுசாக வெளியே நழுவிவிடும். அதனால் ஒரு பையன் குழாயை மெல்லத் தள்ளிக்கொண்டே இருக்க, ஒரு பெண் பென்சிலோடு குனிந்து வரைவாள். தாளில் தெரியும் கறுப்பு, சூரியப் புள்ளியா (சூரியனின் மேற்பரப்பில் கறுத்துத் தெரியும் இடம்), லென்ஸில் ஒட்டிய தூசியா என்ற சண்டையை அவர்களே தீர்த்துக்கொண்டார்கள்: பிம்பத்தோடு சேர்ந்து நகர்ந்தால் புள்ளி, நகராமல் நின்றால் தூசி. அந்த வட்டத்தின் அளவில் பூமியை வரைந்தால் ஒன்றரை மில்லிமீட்டர்கூட வராது. ஓரத்தில் அந்த அளவுக்கு ஒரு பென்சில் புள்ளி வைத்து, 'நம்ம ஊர்' என்று எழுதியிருந்தார்கள். அவர்கள் வரைந்த சூரியப் புள்ளி அதைவிடப் பெரியது.

கிழக்கு விளிம்பில் தலைகாட்டிய புள்ளிக் கூட்டம் ஒன்று நாளுக்கு நாள் நகர்ந்து நடுவுக்கு வந்துகொண்டிருந்தது. புள்ளி ஓடவில்லை, சூரியனே சுற்றுகிறது என்பதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. வரைந்த தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து அவர்களே சொன்னார்கள். 1612இல் கலிலியோ இதே போலத் தாளில் வரைந்துதான் இதையே சொன்னார். கண்ணை வைக்காமல் தாளில் பிடிக்கும் உபாயத்தை அவருக்குச் சொன்னவர் அவருடைய மாணவர் காஸ்தெல்லி.

அந்தப் பெண், அடுத்த நாள் புள்ளி எங்கே இருக்கும் என்று அளவுகோல் வைத்துக் கணக்கிட்டு, அந்த இடத்தில் புள்ளிக்கோட்டால் ஒரு சின்ன வட்டம் போட்டாள். மறுநாள் காலை தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு, "சார், மேலிடத்திலிருந்து லெட்டர் வந்திருக்கு" என்றார். தொலைநோக்கி பீரோவுக்குள் போனது. சாவி அலுவலக அறைக்குப் போனது. அந்தப் பெண் சொன்ன இடத்துக்குப் புள்ளி வந்ததா இல்லையா என்பது அவளுக்குத் தெரியாது. விளிம்பு தாண்டிப் போன புள்ளி திரும்பி வரக் கிட்டத்தட்ட இரண்டு வாரம் ஆகும். அதுவரை பெரும்பாலும் உயிரோடு இருப்பதில்லை. 'மறு உத்தரவு வரும் வரை' காத்திருக்கச் சொல்லி அதற்கு நகல் அனுப்ப முடியாதே, ஐயா.

கிணற்றில் ஒருவன் தவறி விழுந்தான் என்று ஊரிலுள்ள வாளிகளையெல்லாம் பூட்டி வைத்த மாதிரி இருக்கிறது.

நான் கேட்பது ஒரு வரி. தொலைநோக்கி வழியாகச் சூரியனைப் பார்க்கக் கூடாது என்பது அப்படியே இருக்கட்டும், தடித்த எழுத்தில்கூடப் போடுங்கள். அதன் கீழே, 'பொறுப்பாசிரியர் முன்னிலையில் பிம்பத்தைத் தாளில் வீழ்த்திக் காட்டலாம்' என்று ஒரு வரி சேருங்கள்.

இதைக் கேட்டு உங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். அப்புறம் வாருங்கள் என்றார்கள். அப்புறமும் வந்தேன். பிள்ளைகளின் பாதுகாப்புதான் முக்கியம் என்றார் ஒருவர். அதே பிள்ளைகளைச் சிறப்பு விருந்தினர் வரத் தாமதமானால் மைதானத்து வெயிலில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்க வைக்கலாம். அதற்குச் சுற்றறிக்கை எதுவும் இல்லை. 'எங்கும் அறிவியல், யாவும் கணிதம்' என்று அரசுப் பள்ளிகளுக்கு வானவில் மன்றம் என்ற அறிவியல் திட்டத்தைத் தொடங்கியதும் இதே கல்வித் துறைதான். அந்த 'எங்கும்' என்பதில் பள்ளி மைதானம் சேராது போலிருக்கிறது.

1899இல் நிறுவிய கோடைக்கானல் சூரிய ஆய்வகம் நம் மாநிலத்தில்தான் இருக்கிறது. அந்தப் பெண் பென்சிலைச் சாய்த்துப் பிடித்துத் தீட்டினாளே, புள்ளியைச் சுற்றிய சாம்பல் விளிம்பு, அதில் வாயு வெளிப்பக்கமாகப் பாய்கிறது என்பதை 1909இல் வானியலாளர் எவர்ஷெட் கண்டுபிடித்தது அங்கேதான். நம் பள்ளிகள் வருஷா வருஷம் கோடைக்கானலுக்குச் சுற்றுலா போகின்றன. படகில் ஏறுகின்றன, சாக்லேட் வாங்குகின்றன, திரும்பி வருகின்றன. 2023 செப்டம்பரில் சூரியனை ஆராயும் ஆதித்யா எல்-1 விண்கலம் கிளம்பியபோது, அதன் திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி செங்கோட்டைக்காரர் என்று எல்லாப் பள்ளிகளிலும் கைதட்டினோம். பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நின்று சூரியனைப் பார்க்க நம்மால் முடிகிறது. வேப்பமரத்துக்குப் பக்கத்தில் நின்று பார்க்க மட்டும் அனுமதி இல்லை.

கிரகணத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இந்த மடல் முடியாது. 2019 டிசம்பர் 26 அன்று கோவை, திண்டுக்கல், புதுக்கோட்டை வழியாக, சூரியன் வளையமாகத் தெரியும் கங்கண கிரகணம் போனபோது எத்தனை வீடுகளில் பிள்ளைகளை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினார்கள் என்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நம் மாநிலத்தில் அடுத்த கங்கண கிரகணம் 2031 மே 21இல் தேனி, மதுரை, காரைக்குடி வழியாகப் போகிறது. கோடை விடுமுறையில் வருகிறது, உங்கள் துறைக்கு நிம்மதிதான்.

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். மன்னிக்கவும்.

என் வேண்டுகோள் இதுதான்: அந்த ஒரு வரி. அதைச் சேர்ப்பதற்கு முன் நேரில் பார்க்க வேண்டும் என்று நினைத்தால், தொலைநோக்கியை உங்கள் அலுவலக வளாகத்துக்கே கொண்டு வருகிறேன். வேலை நாள் எதுவானாலும் சரி; காலை 9 மணி என்றால் வெயிலும் ஏறியிருக்காது, காற்றும் அசையாமல் நிற்கும். உங்கள் கார் நிற்கும் இடத்தில் கிழக்கே மறைப்பு எதுவும் இல்லை, பார்த்து வைத்திருக்கிறேன். கால் மணி நேரம் ஒதுக்கினால் போதும். தாளும் பரீட்சை அட்டையும் நான் கொண்டு வருகிறேன். எந்த நாள் என்பதை அந்தப் பள்ளித் தலைமையாசிரியர் மூலம் சொல்லி அனுப்பினால், பீரோ சாவியையும் அவரே கொண்டு வந்துவிடுவார்.

இப்படிக்கு,
உங்கள் பள்ளிகளுக்குத் தொலைநோக்கியோடு வந்துபோகும் ஒருவன்