அந்த ஸ்கேன் ரிப்போர்ட்

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் மனச்சோர்வைப் பற்றிப் பேசும்போது, "என் மூளையே கோளாறுப்பா, ஆராய்ச்சியிலேயே போட்டிருக்கு" என்று சொல்லி நேற்று போனை வைத்துவிட்டாய். அப்புறம் எனக்குத் தூக்கம் வரவில்லை. உட்கார்ந்து தேடித் தேடிப் படித்தேன்.

நீ படித்தது பொய்யில்லை. எனிக்மா என்ற பன்னாட்டு ஆய்வுக் குழு 2016-இல் எழுதியிருக்கிறது: நினைவுகளைப் பதிய வைக்கும் மூளைப் பகுதியான ஹிப்போகேம்பஸ், மனச்சோர்வு உள்ளவர்களுக்குச் சராசரியாகக் கொஞ்சம் சிறியது, சின்ன வயதிலேயே நோய் தொடங்கியவர்களிடமும் இது தெரிந்தது. ஆனால் எவ்வளவு சிறியது தெரியுமா? 1.24 சதவீதம். இதைக் கண்டுபிடிக்கவே நோயாளிகள் 1,700 பேருக்கு மேல், மற்றவர்கள் 7,000 பேருக்கு மேல் தேவைப்பட்டார்கள். மனச்சோர்வு உள்ள எத்தனையோ பேருக்கு அந்தப் பகுதி மற்றவர்களைவிடப் பெரிதாகவே இருக்கும். ஒருவருடைய ஸ்கேனை மட்டும் வைத்து இவருக்கு மனச்சோர்வு என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. பயத்தைக் கிளப்பும் அமிக்டாலாவைப் பற்றியோ, பதற்றம் உள்ள பிள்ளைகளுக்கு அது பெரிது என்று ஓர் ஆய்வும் சிறிது என்று இன்னோர் ஆய்வும் சொல்கின்றன.

இதைப் படித்தபோதுதான் உன் பதினாறு வயது ஞாபகம் வந்தது. தீராத தலைவலிக்கு ஸ்கேன் எடுத்தோம். 'நார்மல்' என்று வந்தது. அந்தத் தாளை உன் முகத்துக்கு நேராக நீட்டி, "பார், ஒன்றுமே இல்லை, எல்லாம் சோம்பேறித்தனம்" என்றேன். நீ ஒன்றும் பேசாமல் அதை வாங்கி, பழைய மடிப்பு மாறாமல் மடித்து, கவருக்குள் வைத்தாய். கட்டி இருக்கிறதா, ரத்தக்கசிவு இருக்கிறதா என்று பார்க்கத்தான் அந்த ஸ்கேன். உன் வேதனை அதில் தெரியாது. தெரியாததை இல்லை என்று நினைத்துவிட்டேன். என்மேல்தான் தப்பும்மா. அப்போதே உன்னை மனநல மருத்துவரிடம் கூட்டிப்போயிருக்க வேண்டும். இரண்டு வருஷம் வீணாக்கிவிட்டேன்.

இன்னொன்று. ஹிப்போகேம்பஸ் அளவில் உள்ள அந்த வித்தியாசம் நோய்க்கு முன்பே இருந்ததா, நோயால் வந்ததா என்று ஒரே ஒருமுறை எடுத்த படம் சொல்லாது. மூளையின் முன்பகுதி இருபத்தைந்து வயதை ஒட்டியும் வளர்ந்துகொண்டுதான் இருக்குமாம். உனக்கு இப்போதுதான் இருபத்தொன்று.

மாத்திரையை நீயாக நிறுத்தாதே. சந்தேகத்தையெல்லாம் எழுதி வைத்து டாக்டரிடம் கேள். நான் கூட வரட்டுமா என்று மட்டும் சொல். விளக்கை அணைத்துவிட்டுப் படுத்திருக்கும் நாளில் பேச முடியாவிட்டால் பரவாயில்லை. மெசேஜில் ஒரு புள்ளி வைத்து அனுப்பு, போதும். நான் புரிந்துகொள்வேன்.

அன்புடன்,
அப்பா